‘ஆல்’ யார் மேல் விழுகிறது?

திருவையாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு நெல் கொள்முதல் களம். தை மாதம். ராத்திரி இறங்கிய பனியில் தார்ப்பாய் நனைந்திருந்தது. அதை விலக்கிவிட்டு இரண்டு பெண்கள் நெல்லைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார்கள். சுவரில் மாட்டியிருந்த பலகையில் ஒரு வாக்கியம்: ‘ஈரப்பதம் 17 சதவீதத்திற்கு மேல் இருந்தால் நெல் கொள்முதல் செய்யப்பட மாட்டாது.’ கருவியில் 18 காட்டியதால் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: “நான் காயவைக்காம கொண்டாந்தா தப்பு என்னுது, ஒத்துக்கிறேன் தம்பி. காயவெச்சுக் கொண்டாந்து, இங்க மூணு நாள் கெடந்து பனியில ஈரம் ஏறிப்போனா அது யார் தப்பு? அதுக்கும் ஒரு பலகை எழுதிப் போடச் சொல்லுங்க.”

அவர் கேட்டது நெல்லைப் பற்றிய கேள்வி மட்டும் என்று அப்போது நினைத்தேன். வீடு திரும்பும் வழியில்தான் அதற்குள் ஓர் இலக்கணக் கேள்வியும் இருப்பது உறைத்தது. விதியையும் தண்டனையையும் ‘இப்படிச் செய்தால் இப்படி ஆகும்’ என்று நிபந்தனை வாக்கியமாகக் கட்டுவது ஆங்கிலச் சட்டநடையின் வழக்கம். காவிரிப் படுகையில் நிலம், நீர், கூலி, நெல் எல்லாமே கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் அந்த நடையில் எழுதிய விதிகளுக்குள் வந்துவிட்டன. மூலம் ஆங்கிலத்தில் இருக்கும். பிறகு தமிழாக்கம் ஆகும். கடைசியில் ஒற்றை வரியாகச் சுருங்கிப் பலகைக்கு வரும். இந்த வழக்கத்தால் டெல்டா பெற்றது சிறிதல்ல. அதைச் சொல்லாமல் குறையை மட்டும் பேசுவது நியாயமாகாது.

முதலில் பெற்றதைச் சொல்கிறேன். கீழத் தஞ்சையின் பண்ணைகளில் 1940-கள் வரை நடந்த தண்டனைகள் இரண்டு: சவுக்கடி, சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பால். எது குற்றம், எதற்கு எத்தனை அடி என்று எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. வயலுக்கு நேரம் கழித்து வந்தது குற்றமாகலாம். எதிர்த்து ஒரு சொல் சொன்னது குற்றமாகலாம். நிமிர்ந்து நின்றதும் ஆகலாம். ‘செய்தால்’ என்ற பாதி மிராசுதாரின் மனத்துக்குள் இருந்தது. ‘அடி’ என்ற பாதி மட்டும் பண்ணையாளின் முதுகில் இறங்கியது. கன்னட நாட்டிலிருந்து வந்து இந்த மண்ணிலேயே வாழ்ந்து மறைந்த பி. சீனிவாசராவும் அவரோடு நின்ற விவசாயச் சங்கத்தாரும் கேட்டவற்றில் தலையாயது இந்த இரண்டு தண்டனைகளையும் ஒழிப்பது. 1944-இல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தம் அதை எழுத்தில் கொண்டுவந்தது.

தண்டனைக்கு முன்னால் நிபந்தனையை வெளியே சொல்லிவிட வேண்டும் என்பது சாதாரண விஷயமாகத் தோன்றும். அடிவாங்கியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ‘இதைச் செய்தால் இது’ என்று முன்கூட்டிச் சொல்லியிருந்தால், செய்யாமல் இருந்துவிட்டுத் தப்பிக்கலாம். செய்யவில்லை என்று வாதாடலாம். வாதாட இடம் தருகிற வாக்கியம் அது.

1952 ஆகஸ்டில் ராஜாஜி அரசு கொண்டுவந்த தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் இந்த நடையை முதல்முறையாகப் பண்ணை வாசலுக்குள் கொண்டுவந்தது. நினைத்த மாத்திரத்தில் பண்ணையாளை விரட்ட முடியாது என்று ஆனது. ஆனால் அந்தச் சட்டத்தின் நிபந்தனையே அதற்குப் பகையாகவும் ஆயிற்று. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல் நிலம் வைத்திருந்தால்தான் அது பொருந்தும். அந்த ‘இருந்தால்’ என்ற சொல்லின் ஓரத்தில் நின்று நிலத்தைப் பிரித்து எழுதிக்கொள்ள வழி இருந்தது. பண்ணையாள் என்ற பெயரையே நீக்கி அன்றாடக் கூலியாக்கிவிட்டால் சட்டம் தொடாது என்று கண்டுகொண்டவர்களும் இருந்தார்கள். நிபந்தனை எங்கே முடிகிறதோ அங்கே ஒரு வாசல் திறக்கிறது. படித்தவர் அந்த வாசலை முதலில் பார்த்துவிடுகிறார்.

1955-இன் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இதைவிடப் பக்குவமானது. ஆங்கில நிபந்தனை நடை டெல்டாவுக்குச் செய்த மிக நல்ல காரியம் எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன். குத்தகைதாரரை வெளியேற்றக் கூடாது என்பது பொது விதி. குத்தகை பாக்கி வைத்தால், நிலத்தைக் கெடுத்தால் என்று சில விலக்குகள். அந்த விலக்குக்குள்ளும் இன்னொரு நிபந்தனை: நிலத்துக்காரர் கோட்டாட்சியரிடம் மனுப் போட வேண்டும், அவர் விசாரித்துத் தவணை கொடுத்து, அந்தத் தவணைக்குள் பாக்கியைக் கட்டிவிட்டால் மனு தள்ளுபடி. ‘தவறினால்’ என்பதோடு ‘திருத்திக்கொண்டால்’ என்பதும் சேர்ந்து வருகிறது. தவறியவன் திரும்பி வர ஒரு படிக்கட்டு வைத்த விதி அது. எழுதப் படிக்கத் தெரியாத குத்தகைக்காரருக்கும் இந்த ஒரு விஷயம் புரிந்தது: ‘கட்டிட்டா யாரும் கிளப்ப முடியாது.’ ஆங்கிலத்தில் நீண்டு கிடந்த பிரிவை நான்கு சொல்லாக்கி வாய்க்கால் கரையில் சொல்லிக்கொண்டார்கள். அந்த நான்கு சொல்லும் நல்ல தமிழ்.

இங்கிருந்துதான் குறைக்கு வருகிறேன். கோட்டாட்சியர் அலுவலகத் தமிழாக்கம் இப்படி நான்கு சொல்லில் வராது.

ஆங்கில வாக்கியத்தில் நிபந்தனைச் சொல் தலையில் நிற்கும். படிப்பவர் முதல் சொல்லிலேயே உஷாராகிவிடுவார். பின்னால் வருவதெல்லாம் நிபந்தனை என்று தெரிந்துகொண்டு படிப்பார். தமிழில் நிபந்தனை வினையின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும்: செய்தால், தவறினால், இல்லாவிட்டால். வாக்கியம் சிறிதாக இருக்கும்வரை இது அழகு. முப்பது, நாற்பது சொல் கடந்து கடைசியில் ‘ஆல்’ வந்து நின்றால், அதுவரை படித்ததை நடந்துபோன செய்தியாக எடுப்பதா, நடக்கக்கூடியதாக எடுப்பதா என்று படிப்பவர் திணறுவார். இந்தச் சிக்கலைத் தீர்க்க மொழிபெயர்ப்பாளர்கள் ‘பட்சத்தில்’ என்றார்கள். பிறகு ‘நேர்வில்’ என்றார்கள். அவையும் வாக்கியத்தின் கடைசியில்தான் நிற்கின்றன. சிக்கல் சொல்லில் இல்லை, நீளத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தின் ஒரே வாக்கியத்தைத் தமிழிலும் ஒரே வாக்கியமாகத்தான் எழுத வேண்டும் என்று யார் விதித்தது? அதை மூன்றாக உடைத்தால் குடி முழுகிவிடாது.

மெக்காலே தலைமையில் 1837-இல் வரைவாகி 1860-இல் சட்டமான இந்தியத் தண்டனைச் சட்டம் இன்னொரு பழக்கத்தைக் கொடுத்தது. அதன் பிரிவுகள் பெரும்பாலும் ‘யார் இன்னதைச் செய்கிறாரோ அவர் தண்டிக்கப்படுவார்’ என்ற கட்டில் ஓடின. அதுவும் உருமாறிய நிபந்தனைதான். தமிழில் ‘திருடுபவருக்கு’ என்று ஒரே சொல்லில் முடிவதை ‘யாரொருவர் திருடுகிறாரோ அவர்’ என்று நீட்டக் கற்றுக்கொண்டோம். தவறில்லை; மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான்.

பெரிய குறை வேறு. களத்தில் இருக்கிற ஒருவரிடம் கேட்டால் ‘ஈரம் 17-க்கு மேல போனா எடுக்க மாட்டோம்’ என்பார். அந்த ‘மாட்டோம்’ என்பதில் ஆள் இருக்கிறார். தமிழ் வினைமுற்று பெரும்பாலும் தன் ஆளைக் காட்டிக்கொண்டே நிற்கும். பலகையோ ‘செய்யப்பட மாட்டாது’ என்கிறது. செய்பவர் மறைந்துவிட்டார். ‘அபராதம் விதிக்கப்படும்’, ‘ரத்து செய்யப்படும்’, ‘கைவிட்டதாகக் கருதப்படும்’: விதிப்பது யார், ரத்து செய்வது யார், கருதுவது யார்? படுவினை தமிழுக்குப் புதிது அன்று. ஆனால் தண்டனை என்றாலே படுவினை என்ற வழக்கம் ஆங்கிலப் படியிலிருந்து வந்தது. நிபந்தனைப் பாதியில் விவசாயி முழு உருவத்தோடு நிற்கிறார். தண்டனைப் பாதியில் யாருமே இல்லை. மேல்முறையீட்டுக்குப் போக நினைப்பவருக்கு யாரிடம் போவது என்று அந்த வாக்கியம் சொல்வதில்லை.

17 சதவீதம் என்ற எண்ணை நான் குறை சொல்லவில்லை. ஈரம் கூடிய நெல் கிடங்கில் பூஞ்சை பிடிக்கும், நிறம் மாறும், அரைவையில் நொறுங்கும். எண் வருவதற்கு முன்னால் வியாபாரி ஒரு பிடி நெல்லை அள்ளி, ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பார்த்து, ஆளுக்கு ஒரு விலை சொல்லுவார். பெரிய பண்ணையின் நெல்லுக்கு ஒரு பல், குத்தகைக்காரரின் நெல்லுக்கு ஒரு பல். கருவியின் எண்ணுக்கு அந்த வேற்றுமை தெரியாது. அந்த அளவில் நிபந்தனை நடை எளியவரின் பக்கம்தான். ஆனால் ஒவ்வொரு மழைக்கும் பிறகு அந்த எண்ணைத் தளர்த்தச் சொல்லித் தமிழ்நாடு டெல்லிக்கு எழுத வேண்டியிருக்கிறது. 2025 அக்டோபர் மழையில் 22 சதவீதம் வரை அனுமதி கேட்டார்கள். மத்தியக் குழுக்கள் வந்து மாதிரி எடுத்துப் போயின. குறுவை நெல் களத்தில் முளைக்க அத்தனை நாள் தேவையில்லை. விதி நெல்லுக்கு நாள் குறித்திருக்கிறது; விதியைத் தளர்த்துபவருக்கு நாள் குறிக்கவில்லை.

பயிர்க் காப்பீட்டிலும் இதே சாய்வுதான். சம்பாவுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம் விவசாயியின் பங்கு. தேதிக்குள் கட்டாவிட்டால் பதிவு இல்லை. தனி வயலில் ஏற்படும் சில வகைச் சேதங்களை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்காவிட்டால் இழப்பீடு இல்லை. பரவலான மகசூல் இழப்புக்கோ நிபந்தனை அவர் வயலைப் பற்றியதே அன்று: வருவாய்க் கிராமத்தின் சராசரி மகசூல் வரையறுத்த அளவுக்குக் கீழே போனால்தான் பணம். மேட்டு வயல்காரர் நன்றாக அறுத்திருந்தால் பள்ளத்து வயல்காரருக்கு ஒன்றும் வராமல் போகலாம். தன் வயலைக் காப்பீடு செய்ததாக நம்பிக் கட்டியவருக்கு, தான் கட்டியது கிராமத்தின் சராசரிக்கு என்பதை யாரும் தமிழில் எடுத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

2018-இல் இந்தப் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் வழிகாட்டி நெறிகளைத் திருத்தியபோது இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று: தனி வயல் சேதப் பட்டியலில் நெல் நீரில் மூழ்குவது நீக்கப்பட்டது. நெல் தண்ணீரில் வளரும் பயிர், அதனால் மூழ்கினால் சேதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பது எழுதியவர்களின் கணக்கு. வடகிழக்குப் பருவமழையில் தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் ஒரு கார்த்திகை மாதம் நின்று பார்த்திருந்தால் அந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டார்கள். தூர் கட்டுகிற பயிர் தலை தெரியாமல் ஒரு வாரம் முங்கிக் கிடந்தால் அழுகிவிடும். இதற்கு வேளாண் கல்லூரிப் படிப்பு வேண்டாம். நீக்கிய அந்தச் சேதத்தை மறுபடி சேர்ப்பதாக 2025 நவம்பரில்தான் அறிவித்தார்கள், அதுவும் 2026 பருவத்திலிருந்து. ஒரு நிபந்தனையில் ஒரு சொல் விழுந்ததை எடுத்து வைக்க ஏழு ஆண்டுகள்.

இரண்டாவது காரியம் இதற்கு நேர் எதிர். இழப்பீட்டைக் குறித்த காலத்துக்குள் தராவிட்டால் காப்பீட்டு நிறுவனம் விவசாயிக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி தர வேண்டும் என்று அதே திருத்தத்தில் எழுதினார்கள். ‘தராவிட்டால்’ என்ற சொல் இந்த முறை மேலே இருப்பவர் மீது விழுந்தது. இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் 72 மணி நேரம் பற்றிக் கேள்விப்பட்ட அளவுக்கு 12 சதவீதம் பற்றி டெல்டாவில் நான் கேள்விப்பட்டதில்லை. விவசாயி மேல் விழும் நிபந்தனை துண்டறிக்கையாகிறது, தண்டோராவாகிறது, பலகையாகிறது. மற்றது வழிகாட்டி நெறிகளின் ஆங்கிலப் பக்கத்திலேயே தங்கிவிடுகிறது.

இந்தச் சாய்வு பழையது. 1858-ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். ஏரி, வாய்க்கால் வேலையை ஊரார் கூடிச் செய்யும் குடிமராமத்தை அது சட்டத்துக்குள் இழுத்தது. வழக்கப்படி ஆள் அனுப்பக் கடமைப்பட்டவர் அனுப்பாவிட்டால், அந்த உழைப்பின் மதிப்பைப்போல இரண்டு மடங்கு கட்ட வேண்டும் என்றது. தெளிவான நிபந்தனை, தெளிவான தண்டம். ஊரின் வாய்ச்சொல்லாக இருந்ததை எழுத்தாக்கியதால் ஆள்பார்த்துத் தண்டம் போடுவது குறையலாம் என்ற நன்மையும் அதில் உண்டு. பழைய குடிமராமத்தை நான் பொற்காலமாக்க மாட்டேன். மண்வெட்டி பிடித்தவர் ஒருவர், மரியாதை வாங்கியவர் வேறொருவர். ஆனாலும் அந்தச் சட்டத்தில் ஊரார் தவறினால் என்ன என்று இருக்கிறது. கலிங்கையும் மதகையும் பார்த்துக்கொள்ள வேண்டிய சர்க்கார் தவறினால் என்ன என்று அதே அளவில் இல்லை.

எல்லாவற்றிலும் பெரிய நிபந்தனை வாக்கியம் காவிரியினுடையது. 1892, 1924 ஒப்பந்தங்கள் தொடங்கி, 2007 பிப்ரவரி 5-இல் வந்த நடுவர் மன்ற இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தி பிலிகுண்டுலுவில் 192 டி.எம்.சி. என்பதை 177.25 ஆக்கியது வரை, டெல்டாவின் உயிர் ஆங்கில வாக்கியங்களில்தான் ஓடுகிறது. நல்ல ஆண்டில் யாருக்கும் அந்த வாக்கியம் தேவையில்லை. பற்றாக்குறை ஆண்டில் அவரவர் பங்கு அதே விகிதத்தில் குறையும் என்கிறது தீர்ப்பு. எது பற்றாக்குறை ஆண்டு, எந்த மாதக் கணக்கில் அதை முடிவுசெய்வது என்பதில் மாநிலங்களுக்கிடையே இன்னும் உடன்பாடு இல்லை. நிபந்தனையின் முதல் பாதியே மங்கலாக இருக்கிறது.

பின்பாதி? ஒரு மாநிலம் தவறினால், குறைந்த நீரைப் பின்னால் அதன் பங்கில் கழித்து ஈடுசெய்யலாம் என்றும், ஒத்துழைக்காவிட்டால் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் மத்திய அரசின் உதவியை நாடலாம் என்றும் தீர்ப்பைச் செயல்படுத்தும் திட்டம் சொல்கிறது. ஆகஸ்டில் வராத தண்ணீரை நவம்பரில் தந்தால் கருகிய குறுவை எழுந்து நிற்காது. நவம்பரில் மழைத் தண்ணீரையே வடியவைக்க வழி தேடிக்கொண்டிருப்போம். 2023-இல் மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தது. செப்டம்பரில் விநாடிக்கு 5,000 கன அடி, மாதக் கடைசியில் 3,000 கன அடி என்று பதினைந்து பதினைந்து நாளாக உத்தரவு வாங்கிக்கொண்டிருந்தோம். கடைமடைக் குறுவை அந்தப் பதினைந்து நாளுக்குக் காத்திருக்கவில்லை. ஒரு சதவீத ஈரம் கூடினால் நெல்லைத் திருப்பி அனுப்பும் உறுதி ஒரு பக்கம். நதியே நின்றாலும் ‘உதவியை நாடலாம்’ என்ற தளர்ச்சி இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே நடையில் எழுதிய வாக்கியங்கள்தாம். ஆகவே குற்றம் நடையுடையது அன்று. எந்தப் பக்கம் இறுக்குவது, எந்தப் பக்கம் தளர்த்துவது என்று முடிவெடுத்தவர்களுடையது.

இந்த முடிவை வேறுமாதிரி எடுத்தவர்கள் நம்மிடமே இருந்திருக்கிறார்கள். ‘செயின்’ என்ற நிபந்தனை வினையெச்சத்தைத் தொல்காப்பியம் வாய்பாடாகவே சொல்லியிருக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் அறக்கட்டளை தவறினால் தண்டம் என்று எழுதும் வழக்கமும் உண்டு. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய உறவினரும் மறுபடி குடவோலைக்குத் தகுதியற்றவர் என்கிறது அந்தச் சாசனம். நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கு மட்டுமான சபை அது. அதை மக்களாட்சி என்று கொண்டாட எனக்கு மனம் வராது. ஆனால் ஆளுகிறவர் தவறினால் என்ன என்ற கேள்வியைக் கல்லில் வெட்டி ஊர் நடுவே எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தார்கள். நம் பலகைகளில் அந்த வாக்கியம் இல்லை.

தமிழ்நாட்டில் ஆட்சிமொழிச் சட்டம் 1956-இலேயே வந்துவிட்டது. ஆனாலும் சட்டங்களின் அதிகாரபூர்வ வாசகமாக அரசியலமைப்பின் 348-ஆவது பிரிவு ஆங்கிலத்தையே வைத்திருக்கிறது. ஐயம் எழுந்தால் ஆங்கில மூலமே செல்லும். அது மாறும்வரை நீதிமன்றத்துக்கு ஆங்கிலம் இருக்கட்டும். களத்துச் சுவருக்கும், காப்பீட்டுத் துண்டறிக்கைக்கும், கிராம நிர்வாக அலுவலகத்து அறிவிப்புக்கும் ஆங்கில வாக்கியத்தின் எலும்புக்கூடு தேவையில்லை.

தஞ்சாவூரில் 1981 முதல் ஒரு தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கொள்முதல், காப்பீடு, பாசனம் ஆகிய துறைகளின் அலுவலர்கள் அங்கே சென்று ஒரு வாரம் உட்காரட்டும். விவசாயிகள் நாலு பேரும், கூலிக்காரர்கள் நாலு பேரும் கூட இருக்கட்டும். ஒவ்வொரு அறிவிப்பையும் எடுத்து மூன்று வேலை செய்யுங்கள்: நீண்ட வாக்கியத்தை உடையுங்கள், ‘செய்யப்படும்’ என்ற இடத்தில் யார் செய்வார் என்று பதவியைப் போடுங்கள், விவசாயி தவறினால் என்ன என்று எழுதிய ஒவ்வொரு வரிக்கும் கீழே அலுவலகம் தவறினால் என்ன, யாரிடம் எத்தனை நாளுக்குள் முறையிடலாம் என்று இன்னொரு வரி எழுதுங்கள். அந்த இரண்டாவது வரிக்குச் சட்டத்தில் இடம் இல்லை என்றால், அதைச் சட்டத்தில் சேர்க்கச் சொல்லி மேலே எழுதுங்கள். சம்பா அறுவடை தையில் தொடங்கிவிடும். அதற்கு முன்னால் அந்தப் பெரியவர் கேட்ட பலகையை எழுதி மாட்டிவிடுங்கள்.